எம்.எஸ்சி இம்யூனாலஜி படிக்கலாமா? பட்டத்தின் பெயரை விட லேபை கவனிங்க!

2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்குக் கிடைத்தது. நம் எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்காமல் எப்படி அடங்கி இருக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்கான பரிசு அது. 2023-ல் கொரோனா எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வு, 2018-ல் புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி. எல்லாமே எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்டவைதான்.

அப்போ பி.எஸ்சி முடிச்சதும் நேரா எம்.எஸ்சி இம்யூனாலஜி சேர்ந்துடலாமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேணும்.

தனிப் படிப்பா, ஒரு பேப்பரா?

இந்தியாவில் இம்யூனாலஜி என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் தரும் இடங்கள் மிகக் குறைவு. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, விலங்கியல் படிப்புகளுக்குள் ஒன்றிரண்டு பேப்பராகத்தான் பெரும்பாலும் வரும். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் இதற்கென தனித் துறையே இருக்கிறது.

தனிப் பட்டம் வாங்கினால் மதிப்பு அதிகம் என்று நினைக்க வேண்டாம். அரசு வேலை அறிவிப்புகளில் 'விலங்கியல்', 'நுண்ணுயிரியல்' என்று பாடப் பெயர் போட்டுத்தான் கேட்பார்கள். சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், அது இணையான படிப்புதானா என்று அரசாணையைத் தேடி அலைய வேண்டி வரும். சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு குழப்பமும் இருக்கு. இதைப் படித்தால் அலர்ஜி டாக்டர் ஆக முடியாது. நோயாளிக்கு சிகிச்சை தர எம்.பி.பி.எஸ் வேண்டும். எம்.எஸ்சி என்பது ஆய்வகப் படிப்பு.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் செமஸ்டரில் பெயர்கள்தான் மிரட்டும். சிடி4, சிடி8, ஐ.எல்-6 என்று பஸ் ரூட் நம்பர் மாதிரி வந்துகொண்டே இருக்கும். மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடலாம், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பயன் இல்லை. எலைசா, வெஸ்டர்ன் பிளாட், செல் வளர்ப்பு என கை பழக வேண்டும். முக்கியமாக ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஒளிரும் சாயம் ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு, எது எந்த வகை என்று எண்ணும் கருவி அது. விலை அதிகம் என்பதால் பல கல்லூரிகளில் கிடையாது. இருக்கும் சில இடங்களிலும் மாணவர்கள் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி!

பிரிட்டன் போன்ற நாடுகளில் இது ஒரு வருடப் படிப்பு. சீக்கிரம் முடியும்தான். ஆனால் லேபில் கிடைப்பது சில மாதங்களே. கடன் வாங்கிப் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கணும்.

பதில் கிடைக்காத கேள்வி

ஆராய என்ன மிச்சம் இருக்கு என்று கேட்பவர்கள் செங்கல்பட்டைப் பார்க்கலாம். அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பிரம்மாண்டமான பி.சி.ஜி தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளைத் தாக்கும் தீவிர காசநோய்க்குப் பாதுகாப்பு தருவதால்தான் இன்றும் அது போடப்படுகிறது. பிரிட்டனில் நன்றாக வேலை செய்த ஊசி இங்கே ஏன் தோற்றது? நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள அதே குடும்பத்துக் கிருமிகள் உடலை முன்பே பழக்கிவிட்டன என்பது ஒரு விளக்கம். முழுப் பதில் இன்னும் இல்லை. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இம்யூனாலஜி ஆய்வுகள் இன்றும் நடக்கின்றன.

வேலை, சம்பளம்?

எம்.எஸ்சி மட்டும் முடித்தவர்களுக்குத் தடுப்பூசி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு, பரிசோதனை கிட் தயாரிப்பு போன்ற வேலைகள் கிடைக்கலாம். சொந்தமாக ஆராய்ச்சி செய்ய பிஎச்.டி வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர் நெட் லைஃப் சயின்சஸ் தேர்வில் ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் மாதம் ரூ.37,000 உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி.

இந்தியாவிலேயே உருவான முதல் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. ஐ.ஐ.டி பாம்பேயும் டாடா மெமோரியல் மையமும் சேர்ந்து உருவாக்கியது. நோயாளியின் டி செல்லை எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றும் வேலைக்குக் கை பழகிய ஆட்கள் தேவை.

அட்மிஷன் போடும் முன் அங்கே படிக்கும் சீனியரிடம் ரெண்டு கேள்வி கேளுங்க. ப்ராஜெக்ட் லேபில் செய்ததா, இணையத்தில் படித்து எழுதியதா? கருவிகளைத் தொட விட்டாங்களா?

மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை ஆதரவு பெற்ற படிப்புகளில் சேர கேட்-பி நுழைவுத் தேர்வு எழுதணும். அதில் பிளஸ் டூ அளவில் இயற்பியல், கணிதம் எல்லாம் வரும். பரணில் போட்ட பழைய புத்தகங்களை இப்பவே இறக்கி வைங்க.