உடற்கல்வியின் முதலாண்டு: எதிர்பார்ப்புகளும் இலக்குகளும்

கல்லூரியை விட்டு நெடுங்காலம் பிரிந்திருந்த பழைய மாணவர் ஒருவர் மீண்டும் இவ்வளவினுள் அடியெடுத்து வைக்கும்போது, அவர் கண்கள் முதலில் நாடுவது வகுப்பறையை அன்று, விளையாட்டு மைதானத்தையே. தாம் பந்துதைத்த இடத்தையும், அஞ்சலோட்டத்தில் முந்திய மூலையையும் காட்டி அவர் மகிழ்வார். அம்மகிழ்ச்சி இயல்பானது, போற்றத்தக்கது. எனினும் அதே மைதானத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில், பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே பாடவேளைகளைக் கழித்த மாணவரும் பலர் இருந்தனர். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இக்கட்டுரை அவர்களை மனத்திற் கொண்டு எழுதப்படுகின்றது.

தமிழாசிரியராகிய எமக்கு உடற்கல்வியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். உரிமை, நாம் செய்த ஒரு பிழையினால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஆறாந்தர வகுப்பொன்றின் உடற்கல்விப் பாடத்தை நடத்த ஆசிரியர் இல்லாத காலத்தில், அதனை நடத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தது. முதல் நாளே மாணவரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டோம். முன்னால் வந்த பன்னிருவரை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கெனத் தெரிந்தெடுத்தோம். மற்றையோரை நிழலில் இருந்து பார்க்குமாறு பணித்தோம். திறமையை இனங்கண்டோம் என்று எம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் வாரத்திலிருந்து, தமிழ்ப் பாடத்திலே கணீரென்று வாசிக்கும் சிறுவன் ஒருவன், உடற்கல்விப் பாடவேளை உள்ள நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று வீட்டிலிருந்து கடிதம் கொண்டுவரலானான். தனியே அழைத்து வினவினோம். சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றபின், "சேர், நான் ஓடினால் கடைசியாத்தான் வருவன். எல்லாரும் சிரிக்கினம்" என்றான். அவன் வயிற்றில் நோய் இல்லை. நோய் எமது வகுப்பில் இருந்தது.

அன்றிரவு எமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தமிழ் கற்க வந்த குழந்தையின் கையிலே முதல் நாளிற் காப்பியத்தைக் கொடுத்து, படிக்க முடியாதவரை வெளியே இருத்துவோமா? உயிரும் மெய்யும் கற்பித்து, எழுத்துக் கூட்டப் பழக்கி, பின்னரன்றோ செய்யுளுக்குச் செல்வோம்? மெய் என்னும் சொல் உடம்பையும் குறிப்பது. அம்மெய்க்கும் ஓர் அரிச்சுவடி உண்டு. முதலாண்டு உடற்கல்வியின் நோக்கம் அவ்வரிச்சுவடியை ஒருவர் விடாமல் அனைவருக்கும் கற்பிப்பதே என நாம் தெளிந்தோம். பின்னர் நூல்களைப் படித்தும், அனுபவமிக்க உடற்கல்வி ஆசிரியர்களைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

உடற்கல்வி எல்லாக் காலத்தும் ஒரே நோக்குடன் நடைபெறவில்லை. சுவீடன் நாட்டின் பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கல்விநிலையம் ஒன்றை நிறுவினார். அவர் வகுத்த பயிற்சி முறை பின்னர் இங்கிலாந்தின் பள்ளிகளிலும் புகுந்தது. வரிசையாய் நின்று, கட்டளைக்கேற்பக் கைகால் அசைக்கும் 'ட்ரில்' என்பதை முதிய பழைய மாணவர் மறந்திரார். அதன் நோக்கம் ஒழுங்கும் நேரிய நிலையுமாம். அதன்பின் போட்டி விளையாட்டுகள் முதன்மை பெற்றன. வெற்றிக் கேடயம் நோக்கமாயிற்று. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட பட்டயம், உடற்கல்வியும் விளையாட்டும் எல்லார்க்கும் உரிய அடிப்படை உரிமை எனச் சாற்றியது. 2015இல் திருத்தப்பட்டபோதும் அக்கொள்கை நிலைபெற்றது. உரிமை என்பது முன்னால் ஓடிவருபவனுக்கு மட்டும் உரியதன்று.

ஆறாந்தரத்துக்கு வரும் மாணவனுக்கு ஏறக்குறைய பதினொரு வயது. ஒரே வகுப்பில் இருப்போருள்ளும் பிறந்த மாதத்தால் ஓராண்டு வரை வேறுபாடு இருக்கும். அதனினும் பெரிது வளர்ச்சியின் வேறுபாடு. ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் பதினான்கு வயதளவில் மிக விரைவாக உயர்வர். சிலர்க்கு அது முந்தியும் சிலர்க்குப் பிந்தியும் வரும். பெண்பிள்ளைகளுக்கோ ஏறக்குறைய ஈராண்டு முன்னரே வந்துவிடும். காலும் பாதமும் முதலில் நீள்வதால், முன்பு நன்றாக ஓடியவன் சிறிது காலம் தடுமாறுவதும் உண்டு. ஆதலால் பதினொரு வயதில் முதலாவதாக வருபவன் முந்தி வளர்ந்தவனாக மட்டும் இருக்கலாம். கடைசியாக வருபவன் இன்னும் வளரத் தொடங்காதவனாக இருக்கலாம். இப்பருவத்தில் தீர்ப்புக் கூறுதல், காய்க்குமுன் மரத்தை வெட்டுவதை ஒக்கும்.

இனி இலக்குகளைக் கூறுவாம்.

முதலாவது, அடிப்படை அசைவுகள். நடத்தல், ஓடுதல், பாய்தல், தரையில் இறங்குதல், எறிதல், பிடித்தல், சமநிலை பேணுதல் என்பனவே மெய்யின் எழுத்துகள். இவை தாமே வந்துவிடும் என எண்ணுதல் தவறு. பாய்ந்து இறங்குபவன் முழங்காலை மடித்து இறங்க வேண்டும். விறைத்த காலுடன் இறங்கினால் அதிர்ச்சி மூட்டுகளைத் தாக்கும். வலக்கையால் எறிபவன் இடக்காலை முன்வைக்க வேண்டும். பந்தைப் பிடிப்பவன் கைகளைப் பந்தோடு சற்றே பின்வாங்க வேண்டும். இவற்றை ஒருவர் காட்டிக்கொடுத்தால், கை தவறுகின்ற பிள்ளையும் சில கிழமைகளில் பிடிக்கத் தொடங்குவான். நிற்கும்போதும் இருக்கும்போதும் உடலை வைத்துக்கொள்ளும் பாங்கைப் பாடநூல்கள் கொண்ணிலை என்கின்றன. அதுவும் இவ்வரிச்சுவடியைச் சேர்ந்ததே.

இரண்டாவது, தன்னுடலைத் தானறிதல். மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து வினாடி நாடித்துடிப்பை எண்ணி, அதனை நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்குரிய துடிப்பு வரும். ஓடுமுன் ஒருமுறையும், ஓடியவுடன் ஒருமுறையும், மூன்று நிமிடம் ஆறியபின் ஒருமுறையும் மாணவன் இதனை எண்ணுக. தன் நெஞ்சம் உழைப்பதையும் ஆறுவதையும் அவன் தானே காண்பான். பயிற்சிக்குமுன் உடலைச் சூடேற்றுவதும், வெயிலில் நீரருந்துவதும் ஏன் என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.

மூன்றாவது, பழக்கம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாடோறும் சராசரி 60 நிமிடமாவது மூச்சு விரைவுபட உடலை இயக்க வேண்டும் என்றும், தசையையும் என்பையும் வலுப்படுத்தும் முயற்சி கிழமையில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. கிழமையிற் சில பாடவேளைகள் இதற்குப் போதா. ஆகவே, பாடவேளை முடிந்தபின் மாணவன் தானாகவே துவிச்சக்கர வண்டி ஓட்டவும், கயிறடிக்கவும், பந்தாடவும் விரும்புவானாயின் அதுவே அப்பாடத்தின் வெற்றி. வகுப்பை வெறுத்தவன் இதனைச் செய்யான்.

நான்காவது, கூடி ஆடுதல். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நம் முன்னோர் ஆடிய கிளித்தட்டை எடுத்துக்கொள்க. நிலத்திற் கோடு கீறினாற் போதும். குறுக்குக் கோடுகளைக் காப்போரும், நடுக்கோட்டில் ஓடி மறிக்கும் கிளியும், அவர்களை ஏய்த்துச் செல்வோருமாக அனைவரும் ஆடலாம். விரைந்தோடுபவன் மட்டுமன்றி, கூர்ந்து நோக்குபவனும் இதில் வெல்வான். தன்னை ஒருவன் தொட்டது பிறர் கண்ணிற் படாதபோதும், "தொட்டாய்" என்று ஒப்புக்கொண்டு வெளியேறும் நேர்மையை இவ்விளையாட்டுக் கற்பிக்கும்.

இவ்விலக்குகளை அடைய மாணவரிடம் எதிர்பார்ப்பன சிலவே. நேரத்துக்கு வருதல், ஓடத்தக்க உடை அணிதல், தொய்வு முதலிய நோயோ காயமோ இருப்பின் ஆசிரியரிடம் மறையாது கூறுதல், எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வைத்தல், தவறவிட்டவனைப் பார்த்துச் சிரியாதிருத்தல். இவற்றை முதல் நாளிலேயே காரணத்துடன் சொல்லிவிட வேண்டும். சிரியாதிருத்தலை நாம் இறுதியிற் கூறினோமாயினும், வகுப்பில் அதுவே முதல் விதியாதல் வேண்டும்.

ஆசிரியரிடமும் எதிர்பார்ப்பன உண்டு. எவரும் நீண்டநேரம் சும்மா இருக்கலாகாது. முப்பது பேருக்கு ஒரு பந்து கொடுப்பதிலும் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஆறு பந்து கொடுத்தல் நன்று. தலைவர் இருவரை நிறுத்தி, ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கவிட்டு, கடைசியில் எஞ்சுபவனை நாணவைக்கும் வழக்கத்தைக் கைவிடுக. குற்றத்துக்குத் தண்டனையாக ஓடவிடுதலும் தோப்புக்கரணம் போடுவித்தலும் வேண்டா. தண்டனையாகக் கற்றதை எவரும் வாழ்நாளெல்லாம் விரும்பிச் செய்வதில்லை. அளவிடுவதாயின் அவனை அவனுடனேயே அளவிடுக.

இவ்வாறே நாமும் செய்தோம். ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் அட்டை. நின்ற இடத்திலிருந்து பாயும் தூரம், சுவரில் எறிந்து இருபதில் எத்தனை பந்து பிடித்தான், நடவாமல் எத்தனை நிமிடம் மெல்லோட்டம் ஓடினான் என மூன்று பதிவுகள். முதற் தவணையிலும் இறுதித் தவணையிலும் அவனே எழுதுவான். அச்சிறுவனின் முதற் பதிவு மூன்று நிமிடம். இறுதிப் பதிவு ஒன்பது நிமிடம். அவன் எந்தப் போட்டியிலும் பரிசு பெறவில்லை. ஆயினும் வயிற்றுவலிக் கடிதங்கள் நின்றன. அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயாருக்குக் காட்ட அனுமதி கேட்டான்.

அப்படியாயின் வீரர் தோன்றாரோ என்று சிலர் ஐயுறுவர். தோன்றுவர். யாழ்ப்பாணத்து மண்ணிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்கிற் பங்குபற்றி, 1958ஆம் ஆண்டு ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கப்பதக்கம் வென்றார். அத்தகையோர் கல்லூரிகளின் அணிகலன். ஆனால் பலர் பாயக் கற்கும் மைதானத்திலேயே சிறப்பாகப் பாய்பவன் ஒருவன் வெளிப்படுவான். பன்னிருவரை மட்டும் பயிற்றினால், பிந்தி வளரும் வீரனை நிழலிலேயே இருத்திவிடுவோம்.

பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம். பரீட்சை நெருங்குகின்றது என்று உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுக்கும்படி கேளாதிருங்கள். பழைய மாணவர், கேடயம் வழங்குவதோடு அமையாது, ஆறாந்தரத்துக்கெனச் சிறு பந்துகளும் கயிறுகளும் வழங்குங்கள். மைதான ஓரத்தில் மேலும் சில மரங்களை நடுங்கள். அந்நிழல், ஆடி இளைத்தவர் சற்றே ஆறுதற்கு உதவட்டும். ஆடாது ஒதுக்கப்பட்டவர்க்கு அஃது இருப்பிடமாதல் இனி வேண்டா.