மெழுகுக்குள் இருக்கும் சாட்சி: நிணநீர்ப் புற்றுநோயும் டீ.என்.ஏ. பரிசோதனையும்

கழுத்திலோ கமுக்கட்டிலோ நெறி கட்டினால், தடிமல் அல்லது தொண்டை நோவு என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வாரக்கணக்கில் வற்றாத நெறி காசநோயாகவும் இருக்கலாம், லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அப்போது வைத்தியர் நெறியை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்.

அந்த இழையம் ஃபோர்மலினில் ஊறிய பின் மெழுகில் பதிக்கப்படுகிறது. ஆய்வுகூடத்தில் 'புளொக்' என்பது இதைத்தான். அதை மெல்லியதாகச் சீவி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அநேகருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். சிலருக்கோ கலங்கள் பெருகியிருப்பது தெரியும், அது கிருமியை எதிர்க்கவா, புற்றுநோயாலா என்பது தெரியாது.

இங்கேதான் டீ.என்.ஏ. உதவுகிறது. நிணநீர்க்குழியம் ஒவ்வொன்றும் உருவாகும்போது தனது டீ.என்.ஏ.யின் ஒரு பகுதியை வெட்டி ஒட்டி, தனக்கெனத் தனி ஒழுங்கொன்றை அமைத்துக்கொள்கிறது. இதை வெளிப்படுத்திய சுசுமு டொனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வகுப்பில் 40 விடைத்தாள்களிலும் ஒரே விசித்திரமான பிழை இருந்தால் என்ன அர்த்தம்? எல்லோரும் ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கிருமியை எதிர்க்கும் நெறியில் பலவகை ஒழுங்குகள் கலந்திருக்கும். லிம்போமாவில் ஒரே கலத்தின் பிரதிகளே நிறைந்திருக்கும்.

இதைக் கண்டறிவது பீ.சீ.ஆர். அந்தப் பெயர் நமக்கு 2020ஐயும் ஜனாஸா எரிப்பையும் ஞாபகப்படுத்தும்தான். ஆனால் குற்றம் நுட்பத்தில் இல்லை. இப்பரிசோதனைக்கான பொது முறையொன்றை ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் கூட்டாக 2003இல் வெளியிட்டன. நிறமூர்த்தங்கள் இடம் மாறியிருப்பதையும் இதே புளொக்கில் வேறொரு முறையால் பார்க்கலாம். 8, 14ஆம் நிறமூர்த்தங்களுக்கிடையிலான மாற்றம் மிக வேகமாக வளரும் பேர்க்கிற் லிம்போமாவில் காணப்படுவது. அதற்குச் சிகிச்சையைத் தாமதிக்கவே முடியாது.

ஒரே ஒழுங்கு தெரிந்தாலே புற்றுநோய் என்று முடிவுகட்டவும் கூடாது. சில தொற்றுகளிலும் அப்படித் தெரியலாம். ரிப்போர்ட்டை நாமாக வாசித்துப் பதறாமல், நுணுக்குக்காட்டியில் பார்த்த வைத்தியரிடமே விட வேண்டும்.

ஃபோர்மலின் இழையத்தைக் காக்கும், ஆனால் டீ.என்.ஏ.யைத் துண்டாக்கும். நாட்கணக்கில் அதிலேயே ஊறினால் சேதம் அதிகம். பொதுவாக 6 முதல் 48 மணித்தியாலங்கள் போதும். எனவே போத்தலை உங்கள் கையில் தந்து ஆய்வுகூடத்தில் கொடுக்கச் சொன்னால் அன்றே கொடுத்துவிடுங்கள். பெருநாள் கழியட்டும் என்று அலுமாரியில் வைக்காதீர்கள்.

மஹரகமவுக்கோ வேறு வைத்தியரிடமோ போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் போதாமல் வரலாம். புளொக்கையும் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் மறுபடி வெட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பல வருடங்களுக்குப் பிறகும் அதில் பரிசோதனை செய்ய இயலும். ஒன்று மட்டும்: அது மெழுகு. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.