வீடு பார்க்கும் முன் பள்ளிக்கூடம் பாருங்கள்!

அப்பாவுக்கு வேலை மாற்றல். நெல்லையில் இருந்து சென்னைக்குப் போக வேண்டும்.

கட்டில், பீரோ, பாத்திரங்களை லாரியில் ஏற்றி விடலாம். மூத்த மகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து விடலாம். ஆனால், காது கேளாத இளைய மகனை எங்கே சேர்ப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல், "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்துவிடும் பெற்றோர் உண்டு. இது பெரிய தவறு. படித்தது மறந்து போகும். நண்பர்கள் இல்லாமல் பிள்ளை வாடும். ஒரு வருடம் நின்ற படிப்பு, அடியோடு நின்று போவதும் உண்டு.

சட்டம் துணை நிற்கிறது

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கல்வி இலவசம், கட்டாயமும் கூட. இந்த வயதுப் பிள்ளை நடு வருடத்தில் வந்தாலும் பள்ளியில் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் "மாற்றுச் சான்றிதழ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட முடியாது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுவதும் செல்லும். ஊர் மாறினால் புதிதாக வாங்க வேண்டியது இல்லை.

எங்கே விசாரிப்பது?

புதிய ஊரில் இரண்டு இடங்களுக்குப் போனால் போதும்.

ஒன்று, வட்டார வள மையம். அரசுப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கு அவர்கள் வருகிறார்கள் என்பதை இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

மற்றொன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சிறப்புப் பள்ளிகள், உதவித் தொகை, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி ஆகிய விவரங்கள் இங்கே கிடைக்கும்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. சென்னையை அடுத்த பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது.

நேரில் பார்க்க வேண்டும்

பள்ளியின் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. பெற்றோர் ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நடக்க முடியாத பிள்ளையா? வகுப்பு கீழ்த்தளத்தில் இருக்கிறதா, சாய்வுப் பாதை உண்டா, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று பார்க்க வேண்டும்.

காது கேளாத பிள்ளையா? ஒரு பள்ளியில் சைகையால் சொல்லிக் கொடுப்பார்கள். இன்னொரு பள்ளியில் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவார்கள். பழைய பள்ளியின் முறைதான் புதிய பள்ளியிலும் உண்டா என்று கேட்க வேண்டும். பார்வையற்ற பிள்ளை என்றால், பிரெயில் புத்தகங்கள் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

பள்ளி முடிவான பிறகு, அதன் பக்கத்தில் வீடு பிடிப்பது நல்லது. வாடகை கொஞ்சம் கூடினாலும், தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணமும், பிள்ளையின் அலைச்சலும் மிச்சம்.

ஒரு பக்கக் கடிதம்

பழைய ஆசிரியர் பல வருடமாகப் பிள்ளையைப் பார்த்தவர். புதிய ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. ஆகவே, பழைய ஆசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைக்கு எது நன்றாக வரும்? எதற்குப் பயப்படும்? தண்ணீர் வேண்டும் என்றால் எப்படிக் காட்டும்? வலிப்பு வருமா? என்ன மருந்து? இவை அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவச் சான்று, அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தரப்பட்டதற்கான கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கையிலேயே எடுத்துப் போக வேண்டும். சாமான் லாரியில் போடக் கூடாது!

பிள்ளையிடமும் சொல்ல வேண்டும்

ஊர் மாற்றத்தைக் கடைசி நாள் வரை பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் திடீர் மாற்றம் மிகுந்த கலக்கத்தைத் தரும். புதிய பள்ளியின் படத்தைக் காட்டலாம். திறப்பதற்கு முன்பே வாசல் வரை இரண்டு மூன்று தடவை அழைத்துப் போகலாம்.

மறுத்தால்?

"இங்கே வசதி இல்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று யாராவது சொன்னால், பெற்றோர் தலை குனிந்து திரும்ப வேண்டியது இல்லை. மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அங்கும் நடக்காவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

பள்ளியில் இடம் கேட்பது தயவு கேட்பது அல்ல. அது அந்தப் பிள்ளையின் உரிமை.