பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவரா நீங்கள்?

காலை எட்டு மணி. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீடு. கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நிற்கிறார். மனைவி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போக வேண்டும். கதவைப் பூட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நான்கு அடி நடந்து திரும்பி வந்து மறுபடியும் இழுக்கிறார்.

“என்னங்க, நான் கேஸை மூடினேனா?”

“மூடிட்டே. நான்தான் பார்த்தேனே.”

தெருமுனை வந்ததும் மீண்டும் அதே கேள்வி. ஸ்கூட்டர் திரும்புகிறது. வேலைக்குத் தாமதம். சம்பளத்தில் பிடித்தம். வீட்டில் சண்டை.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் பல உருவங்களில் நடப்பது. ஒருவர் கை கழுவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும் பகுதியில், குடம் குடமாக அதற்கே செலவாகும். மற்றொருவர் பணத்தை எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். “சந்தேகப் புத்தி”, “சுத்தப் பைத்தியம்” என்று நாம் பட்டம் கட்டிவிடுகிறோம். ஆனால் இது ஒரு நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்லலாம். டாக்டர்கள் சுருக்கமாக ஓ.சி.டி. என்கிறார்கள்.

2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

வெளியே சொல்ல முடியாத எண்ணம்

கை கழுவுவதாவது கண்ணுக்குத் தெரியும். வெளியே தெரியாத வகையும் உண்டு.

சாமி முன்னால் கை கூப்பி நிற்கும்போது, ஒரு கெட்ட வார்த்தை மனதில் வந்து நிற்கும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்க்கு, “குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ?” என்று தோன்றும். அவர் துடித்துப் போவார். “நான் பாவியா? பேயா?” என்று தனக்குள்ளேயே அழுவார். கணவரிடமும் சொல்ல மாட்டார், பெற்ற தாயிடமும் சொல்ல மாட்டார். கத்தியை ஒளித்து வைப்பார். குழந்தையைத் தொடவே அஞ்சுவார்.

அந்தத் தாய்க்கு முதலில் தெரிய வேண்டிய உண்மை இதுதான்: இப்படிப்பட்ட எண்ணம் பெரும்பாலோருக்கு வரும்! 1978-ல் ராக்மன், டி சில்வா என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் லண்டனில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்ததில், நூற்றுக்குச் சுமார் 80 பேர் “இப்படி வேண்டாத எண்ணங்கள் எங்களுக்கும் வருவது உண்டு” என்றார்கள்.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? மற்றவர்கள் “சீ, என்ன நினைப்பு இது!” என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நோயாளியால் அது முடிவதில்லை. எண்ணத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நிற்கிறார். அந்த எண்ணத்தை வெறுப்பதால்தான் அவருக்கு அவ்வளவு பயம். குழந்தை மீது அன்பு இல்லாததால் வந்தது அல்ல அது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிரசவித்த தாய் காதில் குரல் கேட்கிறது என்றாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, அது வேறு நோய். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

சொறியச் சொறிய அரிப்பு

கையில் அழுக்கு என்று பயம் வருகிறது. கழுவினால் பயம் தணிகிறது. ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு மீண்டும் பயம். இப்போது இரண்டு முறை கழுவ வேண்டும். நாளடைவில் இருபது முறை. சொறியச் சொறிய அரிப்பு வளருவது போலத்தான்.

“மூடிட்டே, நான் பார்த்தேன்” என்றாரே கணவர்? அவர் அன்பால்தான் சொன்னார். ஆனால் அந்தப் பதிலும் ஒரு சொறிதலே. நூறு முறை ஆறுதல் சொன்னால், நூற்றியோராவது முறையும் கேள்வி வரும். திட்டுவதாலும் பயன் இல்லை. “இது உன் நோய் கேட்கும் கேள்வி. நான் பதில் சொன்னால் அது வளரும். வா, போகலாம்” என்று அமைதியாகச் சொல்லிப் பழக வேண்டும். இதைத் திடீரென்று தொடங்காமல், இருவரும் பேசி வைத்துக்கொண்டு படிப்படியாகச் செய்வது நல்லது.

சிகிச்சை உண்டா?

உண்டு. இரண்டு வகை.

முதலாவது, பயிற்சி. 1966-ல் விக்டர் மேயர் என்ற நிபுணர் லண்டனில் இதற்கு வழி காட்டினார். பயப்படும் பொருளைத் தொட வேண்டும். தொட்ட பிறகு கை கழுவக் கூடாது! முதலில் நெஞ்சு படபடக்கும். பொறுத்துக்கொண்டால் படபடப்பு தானாகவே இறங்கும். கழுவாமலும் பயம் போகும் என்பதை மனம் தானே கற்றுக்கொள்ளும். சிறிய பயத்தில் தொடங்கி, பெரிய பயத்துக்கு மெல்லப் போவார்கள். இதைத் தேர்ந்தவர் துணையோடு செய்வதே சிறந்தது.

இரண்டாவது, மாத்திரை. ஃப்ளூயாக்ஸிடின், செர்ட்ராலின் போன்றவற்றை டாக்டர்கள் தருகிறார்கள். இவை தூக்க மாத்திரை அல்ல. போதைப் பழக்கத்தை உண்டாக்குபவையும் அல்ல. ஆனால் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். பத்து நாள் சாப்பிட்டுவிட்டுக் “கேட்கவில்லை” என்று விடுவதும், குணம் தெரிந்ததும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும் தவறு.

எப்போது டாக்டரைப் பார்ப்பது? ஊருக்குப் போகும்போது இரண்டு முறை பூட்டை இழுத்துப் பார்ப்பது நோய் அல்ல. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிந்தால், அல்லது வேலை, படிப்பு, குடும்பம் கெட்டால், தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதிலேயே இது தலைகாட்டுகிறது. பரீட்சைத்தாளை அழித்து அழித்து எழுதும் பிள்ளையை அடிக்காதீர்கள், விசாரியுங்கள்.

எங்கே போவது?

பெங்களூர்வாசிகளுக்குத் தூரம் இல்லை. ஓசூர் ரோட்டில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. “அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆயிற்றே” என்று கூசுபவர்கள் இன்னும் உண்டு. வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் அங்கேதான் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். வரிசையில் நிற்பவர் எதற்கு வந்தார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணம் இல்லாமல் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

இந்த நோயைப் பல ஆண்டுகள் மூடி வைத்துத் துன்பப்படுகிறவர்கள் ஏராளம். காய்ச்சல் வந்தால் வெட்கப்படுகிறோமா? மனதில் வந்த எண்ணத்துக்கு மட்டும் ஏன் வெட்கம்? இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கேட்பவர் சிரிக்காமல் கேளுங்கள். குணமாகும் வழி அங்கேதான் தொடங்குகிறது.