தகரக் கொட்டகையைவிட வேப்பமர நிழல் ஏன் குளிர்ச்சி?

திண்டிவனத்துச் சித்திரை வெயில். தகரக் கூரைக்கு அடியிலும் நிழல்தான், வேம்பின் அடியிலும் நிழல்தான். ஆனால் தகரத்தடியில் தலை வேகிறதே, ஏன்?

தகரம் தான் வாங்கிய சூட்டை நம் தலைமேல் இறக்குகிறது. மரமோ, வேர் உறிஞ்சிய நீரை இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாக விடுகிறது. போகிற ஆவி வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்கில்தான். நனைந்த பானையைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

வீட்டுக்கு எந்த மரம்? விடைக்கு நம் பக்கத்துக் காட்டைப் பார்ப்போம். 1968-இல் ஆரோவில் என்ற நகரியம் தொடங்கியபோது, வானூர்ப் பக்கம் செம்மண் பொட்டல். இன்று அங்கே காடு. கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்றவற்றில் மிஞ்சியிருந்த இனங்களும் அதில் உண்டு. அவற்றில் காசா, வீரை இரண்டையும் வீட்டுக்குத் தேர்ந்தெடுக்கலாம்; கோடையிலும் மொட்டையாகாதவை. மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும்.

பிற்பகல் வெயில் அடிப்பது மேற்குச் சுவரில். அங்கே, சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு கன்று வையுங்கள்.