ஊசி போட்ட பூனையும் தொற்று வந்த பூனையும்

செல்லப்பிராணி உரிமத்துக்குக் கெடு நெருங்கினாலே பூனை வளர்ப்பவர்களின் கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். ரேபிஸ் ஊசிச் சான்று பற்றி அவற்றில் பெரிய சந்தேகம் இருக்காது. குழப்பமெல்லாம் ‘பூனை எய்ட்ஸ்’ எனப்படும் எஃப்ஐவி பற்றித்தான். அதற்கும் ஊசி உண்டா? ஆண்டுதோறும் போடும் ட்ரைகேட் கூட்டு ஊசியிலேயே அது அடங்கிவிடுகிறதா? வெளிநாட்டு இணையதளம் உண்டு என்கிறது, டாக்டர் இல்லை என்கிறார், யாரை நம்புவது?

உரிமத்துக்கு எஃப்ஐவி ஊசி தேவையில்லை. ட்ரைகேட்டிலும் அது இல்லை. டாக்டர் சொல்வதும் சரி, இணையதளம் சொல்வதிலும் ஒரு பழைய உண்மை இருக்கிறது. 2002இல் அமெரிக்க வேளாண்மைத் துறை அனுமதித்த ஃபெல்-ஓ-வாக்ஸ் எஃப்ஐவி என்ற தடுப்பூசி பல நாடுகளில் விற்பனையில் இருந்தது. 2015 முதல் அமெரிக்கா, கனடா சந்தைகளிலிருந்து அது மறைந்தது. விற்பனைக்கு வந்த ஒரு தடுப்பூசி ஏன் நிலைக்கவில்லை என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் பூனைகள் கூட்டமாக வாழ்ந்த ஓரிடத்தில் காரணம் தெரியாமல் பல பூனைகள் நலிந்தன. அவற்றை ஆராய்ந்த நீல்ஸ் பீடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் 1986இல் எஃப்ஐவி வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். எச்ஐவியின் நெருங்கிய உறவு இது. அதனாலேயே பூனைக்கு ஒரு தடுப்பூசி கிடைத்தால் மனிதருக்கான தடுப்பூசிக்கும் வழி தெரியும் என்ற எதிர்பார்ப்பு அப்போது வலுவாக இருந்தது. யமமோட்டோ பின்னர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து உருவாக்கிய ஊசியில் இரண்டு வகை வைரஸ்கள் இருந்தன: ‘ஏ’ வகைக்குப் பெட்டலூமா வைரஸ், ‘டி’ வகைக்கு ஜப்பானின் ஷிசுவோக்கா வைரஸ். இரண்டையும் முழுதாக வளர்த்துச் செயலிழக்கச் செய்து ஊசியில் சேர்த்தார்கள்.

‘முழுதாக’ என்ற அந்த இடத்தில்தான் சிக்கல் பிறந்தது.

எஃப்ஐவி உடலுக்குள் புகுந்துவிட்டால் தன் மரபுப்பொருளைப் பூனையின் உயிரணுக்களுக்குள்ளேயே செருகிவிடுகிறது. ஆயுள் முழுக்க வெளியேறுவதில்லை. ரத்தத்தில் திரியும் வைரஸ் மிகக் குறைவு என்பதால் அதை நேரடியாகத் தேடிப் பிடிப்பது கடினம். அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளோ ஏராளமாக இருக்கும். ஆகவே கால்நடை மருத்துவர் மேசையில் வைக்கும் சிறிய பிளாஸ்டிக் கிட் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. ஒரு துளி ரத்தம், சில துளி கரைசல், பத்து நிமிடம். கோடோ புள்ளியோ தெரிந்தால் பாசிட்டிவ். தொற்று வந்தால் போகாது, எனவே எதிர்ப்பொருள் இருந்தால் தொற்றும் இருக்கிறது என்பது இந்தச் சோதனையின் அடிப்படை.

முழு வைரஸைக் கொண்ட ஊசி இந்த அடிப்படையையே தகர்த்தது. கிட் தேடும் பி24 உள்ளிட்ட வைரஸ் புரதங்களுக்கு எதிர்ப்பொருள், ஊசி போட்ட ஆரோக்கியமான பூனையின் உடலிலும் உண்டானது. ஊசி போட்டது எது, தொற்று வந்தது எது என்று பிரித்துச் சொல்ல 2002இல் கையடக்கச் சோதனை எதுவும் சந்தையில் இல்லை. அது இல்லாமலேயே அனுமதி தரப்பட்டது.

இதன் விலையைப் பூனைகள் கொடுக்க நேர்ந்தது. வீட்டைவிட்டு வழிதவறிய பூனை காப்பகத்துக்குப் போகிறது. கிட்டில் கோடு விழுகிறது. பாசிட்டிவ் பூனைகளைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் அப்போது பல காப்பகங்களில் இருந்தது. எந்த நோயிலிருந்து காக்க ஊசி போட்டார்களோ அந்த நோயாளி என்ற முத்திரையோடு ஒரு பூனை சாகக்கூடும். குட்டிகளுக்கும் தப்பில்லை; ஊசி போட்ட தாயின் பாலிலேயே எதிர்ப்பொருள் போய்ச்சேரும். ஊசி போட்ட பூனைக்கெல்லாம் மைக்ரோசிப் பொருத்துங்கள் என்று மருத்துவர் அமைப்புகள் அறிவுறுத்தின. ஆனால் சிப்பிலிருந்து கிடைப்பது ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு உரிமையாளரைத் தேடிப்பிடித்து, ஊசி விவரத்தைக் கேட்டறிய வேண்டும். நெரிசலான காப்பகத்தில் அதற்கு எத்தனை பேருக்கு நேரம் கிடைத்திருக்கும்?

இரண்டையும் பிரித்தறியும் வழி 2015இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வைரஸின் உறையிலுள்ள ஜிபி40 புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தேடும் விட்னஸ், அனிஜென் ரேபிட் கிட்கள் இரு வகைப் பூனைகளையும் பெரும்பாலும் சரியாகப் பிரிப்பதை சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊசி போட்ட சில மாதங்களுக்கு மட்டும் இந்தக் கிட்களும் ஏமாற்றக்கூடும். அந்த ஆண்டுதான் வட அமெரிக்காவில் ஊசியே நிறுத்தப்பட்டது. பதின்மூன்று ஆண்டுத் தாமதம் இது.

சரி, ஊசி காப்பாற்றவாவது செய்ததா? தொடக்கத்தில் மூன்று தவணை, பிறகு ஆண்டுக்கொன்று என்ற கணக்கில் போட்ட ஊசி இது. தயாரிப்பு நிறுவனத்தின் சோதனை முடிவுகள் நம்பிக்கை தருவதாக இருந்தன. ஆனால் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவில், பிரிட்டனில் கிடைத்த ஜிஎல்8 வைரஸுக்கு முன் அது பயனற்றுப்போனது. அதுவும் ஊசியில் உள்ள அதே ‘ஏ’ வகையைச் சேர்ந்த வைரஸ். ஆஸ்திரேலியாவில் வெளியே திரியும் வீட்டுப் பூனைகளிடம் எடுத்த கணக்கு 2016இல் வந்தது: ஊசி போட்ட 89 பூனைகளில் 5க்குத் தொற்று, போடாத 212இல் 25க்கு. இதிலிருந்து கிடைத்த பாதுகாப்பு விகிதம் 56 சதவீதம். பூனைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் உண்மை விகிதம் 84 சதவீதம் வரை உயரலாம், பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கலாம். ‘56 சதவீதம் பாதுகாப்பு’ என்று மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

புதிய ஊசி ஏன் வரவில்லை? எஃப்ஐவி குறிவைப்பது நோய் எதிர்ப்பு அணுக்களையே. அவற்றில் ஒட்டிக்கொள்ள அது பயன்படுத்தும் சிடி134 என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தனர். அந்த அணுக்கள் விழித்துக்கொள்ளும்போதுதான் அந்தப் புரதம் அவற்றின் மேற்பரப்பில் மிகுதியாகத் தோன்றும். அவற்றை விழிக்கச் செய்வதே தடுப்பூசியின் வேலை. 1990களில் உறைப் புரதத்தை மட்டும் கொண்டு செய்த சில சோதனை ஊசிகள், போட்ட பூனைகளில் தொற்றைத் தீவிரப்படுத்தவே செய்தன.

கடிதங்களில் வரும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: எஃப்ஐவி மனிதருக்கு வருமா? வராது.

நாய்க்கு? வராது.

ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுமா? அரிது, ஆழமான கடிக்காயம்தான் முக்கிய வழி.

தடுப்பது எப்படி? கருத்தடை செய்து வீட்டுக்குள் வளர்ப்பது.

பாசிட்டிவ் என்றால் கொன்றுவிட வேண்டுமா? வேண்டாம், பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன.

இரண்டு மாதக் குட்டிக்குப் பாசிட்டிவ் வந்தால்? தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம். ஆறு மாதம் கடந்ததும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.