துருவத்துப் புயலும் வண்டூர் வானமும்

தெற்கு அந்தமானில் வண்டூர் படகுத்துறையிலிருந்து எவ்வளவு நேரம் வடக்கே பார்த்தாலும் துருவ ஒளி தெரியப் போவதில்லை. அது நார்வே, அலாஸ்கா, அண்டார்க்டிகா வானத்துக்கு உரியது. ஆனால் துருவ வானைக் கலக்கும் காந்தப் புயலின் மின்புலம் சில நிமிடங்களுக்குள் வண்டூருக்கு மேலேயும் வந்துவிடுகிறது. விண்வெளி அறிவியலில் என்னை இந்த அளவுக்கு வியக்க வைத்த செய்திகள் குறைவு.

சூரியக் காற்று தன்னோடு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு பிணைந்துகொள்ளும். அதுவரை வெளியே தள்ளப்பட்டுவந்த ஆற்றல் துருவங்களில் இறங்கும். அங்கே சுமார் 100 கி.மீ. உயரத்து அயனி மண்டலத்தில் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும். காற்று சூடேறி மேலெழும். இந்தியாவின் அண்டார்க்டிக நிலையங்களான மைத்ரியும் பாரதியும் இதை அருகிலிருந்தே அளக்கின்றன.

வண்டூருக்குத் தெற்கே நிக்கோபார்த் தீவுகள் வழியாகக் காந்த நடுக்கோடு போகிறது. தமிழகத்தின் தென்கோடிக்கும் அது பக்கம்தான். அந்தக் கோட்டில் பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடப்பதால், பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்தாரை ஓடுகிறது. நெல்லை அருகே கிருஷ்ணபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்ததே இதற்காகத்தான். போர்ட் பிளேரிலும் அந்நிறுவனத்துக்கு ஒரு காந்த ஆய்வுக்கூடம் உண்டு.

நடுக்கோட்டருகே எடுத்த, அமைதியான நாளின் காந்தப் பதிவைப் பாருங்கள். காலையில் கோடு ஏறத் தொடங்கும்; நண்பகலுக்குச் சற்று முன் உச்சம் தொடும்; மாலையில் இறங்கிவிடும். புயல் நாளில் அந்த மேடு பல் பல்லாய் உடைந்துபோகும். துருவப் பதிவிலும் அதே பற்கள், அதே நேரத்தில்! சூரியக் காற்றின் காந்த அசைவுகளோடு அவை ஒத்துப்போவதை 1968-இல் ஜப்பானிய அறிஞர் நிஷிடா காட்டினார்.

துருவத்து மின்புலம் இப்படி உடனே வந்து சேர்வது முதல் அலை. இரண்டாவது மெதுவாக வரும். துருவத்தில் சூடான காற்று நடுக்கோட்டை நோக்கி வீசி, சில மணி நேரம் கழித்து மின்புலத்தின் திசையையே மாற்றப் பார்க்கும். பகலில் மின்தாரை தளரும், சில சமயம் எதிர்த்திசையிலும் ஓடும். சூரியன் மறையும் வேளையில் முதல் அலை வந்தால் விளைவு வேறு. அயனி மண்டலம் மேலே தூக்கப்பட்டு, அடர்த்தி குறைந்த குமிழிகள் அதற்குள் கிளம்பும். அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை நடுங்கும். விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பின் தரை நிலையங்களில் ஒன்று போர்ட் பிளேரில் இருப்பதால், அந்த நடுக்கம் அங்கே வெறும் ஆராய்ச்சி விஷயமல்ல.

2024 மே 10, 11 இரவுகளில் வந்த புயலின்போது லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. அப்போது ஆதித்யா-எல்1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் பணியில் இருந்தது. அதில் ஒரு காந்தமானியும் உண்டு. சூரியக் காற்று அந்த இடத்தைத் தாண்டிப் பூமிக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். புலம் தெற்கே திரும்பிவிட்டதா என்பதை அந்த அவகாசத்துக்குள் அறிந்துகொள்ளலாம்.